பேர் நட்சத்திரம் தெரியாத பிள்ளை

என் வீட்டுக்காரருக்குச் செருப்பு மாட்டக்கூட மூச்சு வாங்கியது. ஒரு காலில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்த காலுக்கு நான் குனிந்து மாட்டிவிடுவேன். வாசலிலிருந்து லிஃப்ட் வரை போவதற்குள், பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியைப் பார்ப்பதுபோல ஒரு தடவை நிற்பார். பூவைப் பார்க்கவில்லை, மூச்சைப் பிடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் பூவைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்போம்.

நம் கோவில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பல பேர் என்னைக் கேட்டுவிட்டீர்கள். "மணியம் அண்ணன் இப்ப நடந்து வர்றாரே, என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று. ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. வேலை முடிந்து வரும்போது கால் இரண்டும் கழன்றுவிடும்போல இருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது கொஞ்சம், பேசுவது அதிகம். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

என் பெயர் கமலா. சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் இருக்கிறோம். நான் ஒரு கொண்டோ குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். அவர் சுப்பிரமணியம், எல்லாருக்கும் மணியம். லாரி ஓட்டியவர். சில வருஷங்களுக்கு முன்னால் லாரியிலேயே நெஞ்சுவலி வந்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். உயிர் தப்பியது. ஆனால் இதயத்தில் ஒரு பக்கத்துத் தசை செத்துப்போய்விட்டது என்றார்கள். மிச்சம் இருப்பது பாதி வேலைகூடச் செய்யவில்லை.

இதயம் சரியாகத் தள்ளாவிட்டால் உடம்பில் தண்ணீர் தேங்கும். கணுக்கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். உப்பு கூடாது. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். வெயிலில் லாரி ஓட்டிப் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்துப் பழகிய மனுஷன், ஒரு மிடறுக்கு என் முகத்தைப் பார்ப்பார். படுத்தால் மூச்சு முட்டும் என்று சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்குவார். நான் தரையில் மெத்தையைப் போட்டுக்கொண்டு அவர் மூச்சைக் கேட்டபடி கிடப்பேன். அப்புறம் விடிந்ததும் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். கேட்டைத் திறப்பேன், கார் போகும், மூடுவேன், போனைப் பார்ப்பேன். வீட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறதா என்று.

பயம்கூட ஒரு கட்டத்துக்கு மேல் அலுத்துப்போய்விடும். உண்மையைச் சொல்கிறேன், யாரும் தப்பாக நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் ஆம்புலன்ஸ் வந்தால் அழுதுகொண்டே கூட ஓடுவேன். பிறகு பிறகு, அவருடைய மருந்துப் பையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, லிஃப்டில் நின்று கொட்டாவி விடுகிறேன். ஆம்புலன்ஸில் வந்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எனக்கு அழத் தெரியாமல் இல்லை, அழுவதற்குச் சக்தி இல்லை.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. அம்மன் கோவிலில் சின்னத் தொட்டில் கட்டினேன். பால்குடம் எடுத்தேன். இவர் பெயர்கூட முடிவு செய்துவிட்டார். ஆணானாலும் பெண்ணானாலும் தங்கம். இவருடைய அம்மா பெயர் தங்கம்மாள், அதனால். கருவிலேயே தரிக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளை வரவில்லை. அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆனால் கோவில் இருக்கிற தேக்காக் கடைவீதியில் நடந்து பாருங்கள், நகைக்கடைக்கு நகைக்கடை அந்த வார்த்தையைத்தான் எழுதி வைத்திருப்பார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டே நடந்துவிடுவேன்.

அதற்குப் பிறகு நான் அம்மாவிடம், அந்த அம்மனிடம், எதுவும் கேட்டதில்லை. கோவிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. போவேன், கும்பிடுவேன், அர்ச்சனைச் சீட்டு வாங்குவேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்று கேட்பார். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பேன். பக்கத்தில் நிற்பவர்கள், இந்த அம்மா தனக்கென்று எதுவும் கேட்காது, என்ன பக்தி என்று நினைத்திருப்பார்கள். பக்தியுமில்லை, ஒன்றுமில்லை. ரோஷம். கேட்டால்தானே இல்லை என்பாய், நான் கேட்கவே போவதில்லை என்கிற ரோஷம். எத்தனையோ வருஷம் அப்படியே ஓடிவிட்டது. இவரோ கோவிலுக்கு வந்தாலும் உள்ளே வர மாட்டார். வெளியே செருப்புப் பக்கமாக நின்றுகொண்டு, "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல நான் எதுக்கு?" என்பார்.

போன தீபாவளிக்குத் தேக்காவில் விளக்கெல்லாம் போட்டிருந்த சமயம், அவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இந்தத் தடவை மோசம். ஆக்சிஜன் வைத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இதய டாக்டர் இளவயதுச் சீனப் பெண், பொறுமையானவர். என்னை ஓரமாக உட்காரவைத்து ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். மருந்துகளைக் கொடுக்கக்கூடிய உச்சத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. மாற்று இதயம் பொருத்த இவர் உடம்பு தாங்காது. ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, அதற்கு இவர் பொருந்துவார்போலத் தெரிகிறது, வீட்டில் இவரோடு பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். அது வரைக்கும் புரிந்தது. அப்புறம் 'செல்' என்றார், 'கோட்' என்றார். எனக்குக் 'கோட்' என்றால் கொண்டோவில் பக்கவாட்டுக் கதவைத் திறக்க அமுக்குகிற நம்பர்தான். அதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்துக்கொண்டிருந்தேன். டாக்டரை யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்டேன். "நம்ம ஆளுங்க அதை என்னம்மா சொல்வாங்க, டாக்டர் ஏதோ கோட் கோட்டுன்னாங்களே?"

"அது கோட் இல்லை ஆன்ட்டி, கார்டு. தொப்புள்கொடி லா. பிள்ளை தொப்புள்கொடியில இருந்து ஏதோ எடுத்து ஹார்ட்டுக்குக் குடுக்கறாங்களாம். நானும் கேள்விப்பட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீடுகளில் தொப்புள்கொடி என்றால் என்ன? பிள்ளைக்குக் காய்ந்து விழுந்ததைப் பத்திரமாக எடுத்து, வெள்ளித் தாயத்தில் அடைத்து, இடுப்பில் கட்டுவார்கள். பிற்காலத்தில் குடும்பத்தில் யாருக்காவது நோய்நொடி வந்தால் உதவும் என்பார்கள். டாக்டர் கேட்பது பெற்ற பிள்ளையின் தொப்புள்கொடியைத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு மாதிரி இருக்கலாம் என்கிற நினைப்பே வரவில்லை. இதற்கும் பிள்ளை வேண்டுமா? கோவிலில் கேட்டு இல்லை என்றாகிவிட்டது, கடைசியில் ஆஸ்பத்திரியிலும் அதையே கேட்கிறார்கள்.

அவரிடம் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிள்ளை பெற்றிருக்க வேண்டும் என்று எந்த வாயால் சொல்வேன்? வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பழையபடி சோபா, மாத்திரை, அளந்த தண்ணீர்.

அதற்கப்புறம் ஒரு தெரியாத நம்பரிலிருந்து அடிக்கடி அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. இந்தக் காலத்தில் தெரியாத நம்பர் என்றால் பேங்கிலிருந்து பேசுகிறேன், போலீஸிலிருந்து பேசுகிறேன் என்று ஏமாற்றுகிறவன்தான். கொண்டோவில் இருக்கிற வயதானவர்களுக்கெல்லாம், "எடுக்காதீங்க ஆன்ட்டி, ஸ்கேம்" என்று பாடம் நடத்துகிறவளே நான்தான். போன் அடிக்கும், பார்ப்பேன், அமுக்கிவிடுவேன்.

மழைக்காலம் முழுக்க அவர் இறங்கிக்கொண்டே போனார். சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. எப்போதும் ஏதாவது கிண்டல் பண்ணுகிற மனுஷன். ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "கமலா, லீவு போட்டுட்டு வீட்டுல இரேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்டதே இல்லை. "என்ன பண்ணுது?" என்றேன். "ஒண்ணும் பண்ணலை. சும்மாதான்" என்றார். லீவு போட்டு அன்று முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, எனக்கு ஓய்வு நாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மலாய் அக்காவிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தேக்காவுக்கு ரயில் ஏறினேன். ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன். கோவிலில் வழக்கம்போல் சீட்டு வாங்கி, வழக்கம்போல் வரிசையில் நின்றேன். குருக்கள் தட்டை வாங்கினார். "பேர், நட்சத்திரம்?"

சாமி பேருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "சுப்பிரமணியம். கார்த்திகை" என்றேன். அந்தக் குருக்களுக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டோடு உள்ளே திரும்பினார்.

அவர் அர்ச்சனை சொல்லச் சொல்ல நான் அம்மாவோடு சண்டை போட்டேன். வாய்விட்டு இல்லை, மனசுக்குள்தான். ஆனால் நல்ல சண்டை. பிள்ளையைக் கேட்டேன், நீ தரவில்லை. சரி என்று வாயை மூடிக்கொண்டு இத்தனை வருஷம் உனக்கு விளக்குப் போட்டேன். எனக்கென்று இருப்பது இந்த ஒரு ஆள். இவரையும் எடுத்துக்கொண்டால் நான் யாருக்குச் சோறாக்குவேன், யாரைத் திட்டுவேன்? இவரை விட்டுவிடு. இன்றைக்குக் கேட்கிறேன், ரோஷத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கேட்கிறேன், இவரை எனக்குத் தா. ஆரத்தி காட்டும்போது என்னால் நிற்க முடியவில்லை. தூணோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது, ஓவென்று.

"அண்ணி! என்ன அண்ணி இது?" என்று ஒரு கை என் தோளைப் பிடித்தது. என் நாத்தனார் ராணி. தெம்பனிஸில் இருக்கிறாள். அவள் செவ்வாய்க்கிழமைதான் கோவிலுக்கு வருகிறவள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து வரமுடியாமல் போய், வெள்ளிக்கிழமை வந்திருக்கிறாள். இதை நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தேன்.

என்னை இழுத்துக்கொண்டு போய்த் தேக்கா மார்க்கெட்டில் உட்காரவைத்து, கோப்பி வாங்கிக்கொடுத்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் சொன்னது, தொப்புள்கொடி, எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே என்று. ராணி மேசையைத் தட்டினாள்.

"ஐயோ அண்ணி, இதையா இத்தனை நாளா உள்ள வெச்சுப் புழுங்குறீங்க? எங்கிட்ட இருக்கே! என் மவன் பிரகாஷோட தாயத்து, அலமாரியில பத்திரமா வெச்சிருக்கேன். தாய்மாமனுக்கு ஆகாம வேற யாருக்கு ஆகப்போகுது?"

"பையனுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு, ராணி. இத்தனை வருஷத்துத் தொப்புள்கொடி ஆகுமா?"

"வெள்ளியில அடைச்சது அண்ணி. கெடாது."

அவள் சொன்ன வேகத்தில் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மறு திங்கட்கிழமை காலையில் ராணி தாயத்தை டிஷ்யூவில் சுற்றி, சுருக்குப் பையில் போட்டு, அதை இடுப்பில் செருகிக்கொண்டு, தீவின் அந்தக் கோடியிலிருந்து ரயிலில் வந்தாள். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்றோம். அங்கே காட்டினார்கள், இங்கே காட்டினார்கள். கடைசியில் ஒரு சின்ன அறையில் ஒரு தமிழ் மிஸ்ஸி எங்களைப் பார்த்தார். நர்ஸ்தான், நாம் இங்கே மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவோம். பெயர் ஜெயா. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்.

ராணி சுருக்குப் பையை அவிழ்த்து, தாயத்தை மேசையில் வைத்தாள். "தொப்புள்கொடி கொண்டாந்திருக்கோம், மிஸ்ஸி. இது பத்தலைன்னா சொல்லுங்க. என் மகளோடது மலேசியாவுல சம்பந்தி வீட்டுல இருக்கு, வரவழைச்சுடலாம்."

ஜெயா மிஸ்ஸி சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். தாயத்தை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார். "எங்கம்மாவும் எனக்குக் கட்டியிருந்தாங்க. ஸ்கூல் போற வரைக்கும் இடுப்புலயே கெடந்துச்சு" என்றார். பிறகு அதை டிஷ்யூவில் சுற்றி ராணியின் கையிலேயே வைத்து மூடினார். "இது வேண்டாம்மா. உங்க பிள்ளையோடது வேணும்னு யார் சொன்னாங்க?"

"தொப்புள்கொடின்னாங்களே."

"தொப்புள்கொடிதான். ஆனா உங்களோடது இல்லை. யாரோ ஒரு அம்மா. பிள்ளை பொறந்தப்ப, குப்பைக்குப் போகவேண்டிய கொடியை, ஆராய்ச்சிக்கு எடுத்துக்கங்கன்னு குடுத்துட்டுப் போயிருக்காங்க. பொறந்த உடனே, பச்சையா இருக்கறப்ப எடுக்கணும். அதுலேருந்து ஸ்டெம் செல்னு ஒண்ணைப் பிரிச்சு, லேப்ல வளர்த்து வெச்சிருக்காங்க. அதைத்தான் சாருக்கு டிரிப்ல ஏத்துவாங்க. சொந்தம், ரத்தம் எதுவும் பாக்க வேண்டாம்."

"யார் அந்தம்மா?" என்றேன்.

"தெரியாது. எங்களுக்கே சொல்ல மாட்டாங்க."

"சீனப் பிள்ளையா? மலாய்ப் பிள்ளையா? நம்ம பிள்ளையா?"

"ஏதோ ஒரு பிள்ளைம்மா."

ஜெயா மிஸ்ஸி தொடர்ந்து சொன்னார். இது இன்னும் ஆராய்ச்சிதான், குணமாகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பாதிப் பேருக்குச் செல் போகும், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் போகும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்படிச் செய்தால்தான் செல் வேலை செய்கிறதா என்கிற உண்மை தெரியுமாம். எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, "இந்த வாரத்தோட ஆள் சேக்கறதை முடிக்கறோம். உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா? ஏன்மா எடுக்கவே இல்லை?" என்றார்.

"ஸ்கேம்னு நெனச்சேன் மிஸ்ஸி."

ராணி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்தத் தாயத்தைத் தூக்கிக்கொண்டு அன்று போயிருக்காவிட்டால் ஆள் சேர்ப்பது முடிந்திருக்கும். ரோஷத்தை விட்டு வெள்ளிக்கிழமை கேட்டேன். கேட்ட இடத்திலேயே ராணி வந்து நின்றாள். தப்பான பொருளைத் தூக்கிக்கொண்டு சரியான வாசலுக்குப் போய்விட்டோம். இதை எதேச்சை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"ராணி அவ மவன் தொப்புள்கொடியை இடுப்புல சொருகிக்கிட்டு எம்ஆர்டியில வந்தாளா?"

"சிரிக்காதீங்க, மூச்சு வாங்கும்."

"பாதிப் பேருக்கு உப்புத் தண்ணியா? எனக்கு உப்பே ஆகாதுன்னு நீ ஊறுகாயைக்கூடக் கண்ணுல காட்ட மாட்டேங்கற, அவங்க நேரா நரம்புலயே ஏத்துவாங்களா?"

அவர் கிண்டலைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! நான் சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியாதா, கமலா?"

"தெரியாதாம்."

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்," என்றார்.

பரிசோதனையெல்லாம் முடிந்து, ஒரு நாள் டிரிப் ஏற்றினார்கள். என்னவோ பெரிய ஏற்பாடு என்று நினைத்தேன். கைக்குள் அடங்குகிற ஒரு பை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி உறை போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, அது செல்லாக இருக்கட்டும் என்று வேண்டத்தான் நினைத்தேன். ஆனால் மனம் அந்தப் பிள்ளைமேலேயே போனது. இப்போது தவழுமா, நடக்குமா? பல் முளைத்திருக்குமா? அதற்குச் சளிகூடப் பிடிக்கக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டேன். அவர் டிரிப் ஓட ஓட அசந்து தூங்கிவிட்டார்.

மறுநாளே எழுந்து ஓடிவிட்டார் என்று எழுதினால் பொய். ஒன்றுமே நடக்கவில்லை. பழையபடி சோபா, மாத்திரை, அளந்த தண்ணீர். மறுபடியும் கால் வீங்கியது, ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டும் வந்தோம். நான் வேலையில் நின்றுகொண்டு, உப்புத் தண்ணீர்தான் போலிருக்கிறது என்று நினைப்பேன். பிறகு, கேட்டாயிற்று, இனிமேல் அம்மன் பாடு என்று நினைப்பேன். இரண்டுக்கும் நடுவில் நாள் போனது. நம்பிக்கையோடு இருந்தேன் என்று பெருமையாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. களைப்பாக இருந்தேன், அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் போய் அவர் பெயரைச் சொன்னேன்.

பங்குனி உத்திரம் கழிந்து ஒரு காலை. செக்கப்புக்குப் போக வேண்டும். நான் உள்ளே சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். "வாங்க, செருப்பு மாட்டிவிடறேன்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தால், இரண்டு காலிலும் செருப்போடு நிற்கிறார்.

"யார் போட்டுவிட்டா?" என்று கேட்டேன், மடச்சி மாதிரி.

"நானே லா" என்றார்.

லிஃப்ட் வரை நடந்தார். பூந்தொட்டி வந்தது. நான் பழக்கத்தில் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. சோபாவிலிருந்து கட்டிலுக்கு வந்தார். கீழே கோப்பிக் கடைக்குத் தனியாகப் போய்ச் சேக்காளிகளோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், இதயம் முன்பைவிட நன்றாகத் தள்ளுகிறது என்றார். ஆனால் உடனே, "இதுக்கு எது காரணம்னு இப்ப நான் சொல்ல முடியாது, ஆன்ட்டி" என்றும் ஆங்கிலத்திலேயே சொன்னார். புதிதாக மாற்றிய மாத்திரையாக இருக்கலாம், செல்லாக இருக்கலாம், இரண்டுமாக இருக்கலாம். ஆராய்ச்சி முடிந்து எல்லாருடைய கணக்கையும் பிரித்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அது வர இன்னும் நாளாகும். அவர் முழுக்கக் குணமாகிவிடவில்லை. மாத்திரை உண்டு, உப்பு கிடையாது, வேகமாக நடந்தால் இன்னும் மூச்சு வாங்கும். ஆனால் இருக்கிறார். நான் வேலையிலிருந்து வந்தால் திட்டுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது.

கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள், "அக்கா, நாளைக்கு அது வெறும் உப்புத் தண்ணின்னு சொல்லிட்டாங்கன்னா?" என்று. சொல்லட்டும். நான் அம்மாவிடம் செல்லைக் கேட்கவில்லை, இவரைக் கேட்டேன். அவள் எதை வைத்துக் கொடுத்தாள் என்று விசாரணை வைக்க நான் யார்? ஆனால் ஒன்று. என் கதையைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தொப்புள்கொடி ஊசி போட்டால் இதயம் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி எங்கேயாவது போய்ப் படுத்துவிடாதீர்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள், புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு வந்து நான் பட்டது போதும்.

அதேபோல அம்மாவிடமும் கேளுங்கள். கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள் நம் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் சிலர் என்னைப்போலவே வாயை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போகிறீர்கள், அதுவும் தெரியும். சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவரும் என்னோடு கோவிலுக்கு வந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார், நகைக்கடைகளையெல்லாம் தாண்டி. வழக்கம்போல் செருப்புப் பக்கமாக நின்றுவிடுவார் என்று நினைத்தேன். கால் கழுவிக்கொண்டு என் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். நான் இரண்டு சீட்டு வாங்கியிருந்தேன்.

"பேர், நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"சுப்பிரமணியம், கார்த்திகை. இன்னொண்ணு ஒரு பிள்ளைக்கு சாமி. பேர் தெரியாது, நட்சத்திரம் தெரியாது. ஆணா பொண்ணான்னும் தெரியாது."

"தெரியலைன்னா சாமி பேருக்குப் பண்ணிடலாமேம்மா. நீங்க எப்பவும் சொல்றதுதானே?"

"இல்லை சாமி. அந்தப் பிள்ளைக்குத்தான் பண்ணணும்."

குருக்கள் தட்டோடு நின்றார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அப்போது இவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக, மூச்சு வாங்காமல் சொன்னார்.

"தங்கம்."

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை வருஷம்! நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அங்கேயே உடைந்திருப்போம். "நட்சத்திரம்?" என்றார் குருக்கள். டிரிப் ஏற்றிய நாளைச் சொல்லி, "அன்னைக்கு என்னவோ அதையே வெச்சுக்குங்க, சாமி" என்றார் இவர். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரோகிணி" என்றார். சன்னதிக்குள் போய், ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்த தங்கம் என்று அம்மாவிடம் சொன்னார்.

இப்போது வாராவாரம் இரண்டு சீட்டு. அந்தப் பிள்ளை சீனப் பிள்ளையாக இருக்கலாம், மலாய்ப் பிள்ளையாக இருக்கலாம், இந்தத் தீவில் எந்த அடுக்குமாடி புளோக்கிலோ ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அதற்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வரிசையில் நீங்கள் நிற்கும்போது குருக்கள் அந்தப் பெயரைச் சொல்வது காதில் விழுந்தால், அது எங்கள் பிள்ளை. நீங்களும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள்.